அதிமதுரமும் நாற்பத்தேழாவது நாளும்

கார்த்திகேசு சிகரெட்டை விட்டு அன்றோடு நாற்பத்தேழு நாள் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் அதை மறந்துவிடாதபடி அவர் மனைவி தங்கமணி பார்த்துக்கொண்டாள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். முப்பத்தாறு வருஷமாகத் தினம் ஒன்றரைப் பாக்கெட். ஒரு நாள் நெடுஞ்சாலையில் இருமல் பிடித்து, கண் இருட்டி, லோரி பக்கத்துத் தடத்துக்குள் போய்த் திரும்பியது. அன்று மாலை அவராகவே லைட்டரைக் குப்பையில் போட்டார். விடுவது என்று முடிவான பிறகுதான் வீட்டில் சண்டை ஆரம்பித்தது, எப்படி விடுவது என்று.

"கவர்மெண்ட் கிளினிக்ல இதுக்குன்னே தனியா ஒரு பிரிவு இருக்கு பா. ஃப்ரீதான். வாங்க போவோம்" என்றாள் மகள் தாமரை.

தங்கமணி விடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பதை வாசனையை வைத்தே சொல்வாள். விரல் நீளத்துக்கு அதிமதுரக் குச்சி. சிகரெட்டைத் தேடும் கை அதைத் தேடட்டும், சிகரெட்டைக் கவ்விய வாய் அதைக் கடிக்கட்டும். இயற்கையான பொருள். ஒரு கெடுதலும் இல்லை. இதற்குப் போய் கிளினிக்கா?

குச்சி வென்றது. தாமரை வாயை மூடிக்கொண்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் தங்கமணி கடையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவே போட்டுவிட்டாள். 'என் வீட்டுக்காரர் விட்டுட்டாரு, உங்க வீட்டுக்காரரால முடியாதா?' என்று முடியும் அந்தப் பதிவு யார் யாருக்கோ போய், மறுநாள் கடையில் அதிமதுரம் தீர்ந்துபோனது.

அன்று காலை அவளுக்குக் கவலை ஒன்றும் இல்லை. கார்த்திகேசுவின் கனரக லோரி லைசென்ஸ் இன்னும் பத்தொன்பது நாளில் முடிகிறது. புதுப்பிக்க மருத்துவரின் கையெழுத்து வேண்டும். சிகரெட்டோடு போன காலத்திலேயே கையெழுத்து கிடைத்தது. இப்போது சிகரெட் இல்லாமல் போகிறார். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளும் கூடப் போனாள். டாக்டர் பாராட்டுவதைப் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும் என்ற ஆசைதான்.

டாக்டர் ரமணி கார்த்திகேசுவின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். எண்ணைப் பார்த்தார். மறு கையில் சுற்றினார்.

"அங்கிள், பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"ரெண்டும் சாப்பிடறேன் டாக்டர். அந்தத் தண்ணி மாத்திரையும் சேர்த்து. அதைப் போட்டுட்டு லோரி ஓட்டறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை டாய்லெட் தேடணும்."

"நூத்தி எண்பத்திரண்டுக்கு நூத்தி ஆறு."

"அது நல்லதா?"

"போன தடவை நூத்தி நாப்பதுக்கு எண்பத்தெட்டு இருந்தீங்க. பதினஞ்சு நிமிஷம் வெளியில உட்காருங்க. திரும்பப் பார்ப்போம்."

பதினைந்து நிமிஷம் கழித்து நூற்றெண்பதுக்கு நூற்று நான்கு. டாக்டர் அவருடைய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்தது, அது மெதுவாகத்தான் நிரம்பியது.

"கால் பிடிச்சு இழுக்குதா?"

"ராத்திரியில கெண்டைக்கால் இழுக்குது. படியேறினா கால் கல்லு மாதிரி இருக்கு. வயசாச்சுல்ல?"

"வேற ஏதாவது சாப்பிடறீங்களா? நாட்டு மருந்து, ஜாமு, சீன மருந்து?"

கார்த்திகேசு மனைவியைப் பார்த்தார். தங்கமணி டாக்டரைப் பார்த்தாள்.

"மருந்துன்னு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள். குச்சி என்பது குச்சி. அதை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா?

ரத்தம் எடுத்துக்கொண்டு, படிவத்தைக் கையெழுத்து இல்லாமலே திருப்பிக் கொடுத்தார் டாக்டர்.

வெளியே வந்ததும் கார்த்திகேசு படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சட்டைப்பையில் கை போனதும் பழைய பழக்கத்தில் அங்கேயே கொஞ்சம் தடவியது.

"தங்கம், முப்பத்தாறு வருஷம் ஊதினேன். ஒரு தடவையாவது இந்த ஃபாரம் சைன் ஆகாம வந்திருக்கா?"

"மெஷின்ல ஏதோ கோளாறா இருக்கும்ங்க."

"ரெண்டு தடவையும் மெஷின் கோளாறா? சிகரெட்டை விட்டேன், கால் வீங்குது. சிகரெட்டை விட்டேன், பிரஷர் ஏறுது. லைசென்ஸ் போச்சுன்னா நான் என்ன செய்யறது, உன் கடையில வந்து மிளகு பொட்டலம் கட்டட்டுமா?"

"கட்டுங்களேன். கை சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான்."

அவர் சிரிக்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். ரத்த ரிசல்ட் வரட்டும். அதுவும் சரியில்லைன்னா எனக்கு எது ஒத்துக்குதோ அதை நான் பார்த்துக்கறேன்."

எது என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. லோரி முதலாளி தவுக்கேயிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று லோரி யார்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

தங்கமணி கொமுட்டர் ரயிலில் ஏறி உட்கார்ந்தாள். ஷா ஆலம் வரைக்கும் மெஷின் மேல் கோபம். சுபாங் ஜெயா தாண்டியபோது டாக்டரின் மேல். கே.எல். சென்ட்ரலில் இறங்கும்போது யார் மேலும் கோபம் மிச்சமில்லை. இதற்கெல்லாம் கலங்குகிற ஆள் நானில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

கடையில் அவளுக்காக சாதிக் காத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. ராமநாதபுரத்துக்காரன், பெர்மிட்டில் வந்து மூன்று வருஷம்.

"அக்கா, நூறு கிராம் அதிமதுரம். குச்சியாவே குடுங்க. உங்க வாய்ஸ் மெசேஜ் எங்க ஹாஸ்டல் பூரா ஓடுது. ஆறு பேரு ஒரே நேரத்துல விட்டுருக்கோம். ரூமே மாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கு, எல்லாரும் அசை போட்டுக்கிட்டு."

தங்கமணிக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. டப்பாவைத் திறந்து தராசில் குச்சிகளை வைத்தாள்.

"ஒரு சந்தேகம்கா. எங்க மாஸ்டருக்கு பிரஷர் இருக்கு. அவரும் சாப்பிடலாமா?"

'தாராளமா' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஆயிரம் தடவை சொன்ன சொல். இன்று அது வெளியே வர மறுத்தது.

போன் அடித்தது. டாக்டர் ரமணி.

"ஆன்டி, அங்கிள் போன் எடுக்க மாட்டேங்கறார். ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. இது இருதயத்தைப் பாதிக்கும். உடனே ஹாஸ்பிட்டல் எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் லெட்டர் அனுப்பறேன். இன்னொண்ணு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இனிப்பா ஏதாவது வேர், கறுப்பு மிட்டாய், அந்த மாதிரி ஏதாவது தினமும் சாப்பிடறாரா?"

தராசில் நூறு கிராம் இனிப்பு வேர் கிடந்தது.

"அதிமதுரம்" என்றாள் தங்கமணி. தன் குரலே தனக்கு வேறு யாருடையதோ போலிருந்தது. "சிகரெட்டுக்குப் பதிலா. நான்தான் குடுத்தேன் டாக்டர். காலையில நீங்க கேட்டப்ப இல்லைன்னதும் நான்தான்."

எதிர்முனையில் ஒரு மூச்சு கேட்டது. திட்டு வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"எவ்வளவு?"

"ஒரு நாளைக்கு ரெண்டு குச்சி. விரல் அளவு."

"ரெண்டு குச்சியாலயும் வரலாம். ஆனா இந்த அளவுக்கு இறங்கணும்னா இன்னும் கொஞ்சம் போயிருக்கணும். வேற எங்கயிருந்தாவது கிடைக்குதான்னு விசாரிங்க. முதல்ல அவரைக் கூட்டிட்டு வாங்க."

தங்கமணி பதறவில்லை. பதறுவதற்கு நேரம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. யார்டில் கணவரோடு வேலை செய்யும் வாசுவுக்குப் போன் போட்டாள். "வாசு, உங்க அண்ணனைக் கார்ல ஏத்தி எமர்ஜென்சிக்குக் கொண்டு போப்பா. வரமாட்டேன்னு சொன்னா தூக்கிப் போடு." பிறகு சாதிக்கிடம் திரும்பி, தராசில் இருந்ததை எடுத்து டப்பாவிலேயே போட்டாள்.

"உங்க மாஸ்டர் கண்டிப்பா சாப்பிடக் கூடாது. தொடவே வேண்டாம்னு சொல்லு. நீங்க ஆறு பேரும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்துங்க."

"அக்கா, அப்ப நாங்க எதை மெல்லறது?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு லா, ஒரு நாளைக்கு."

முதலாளி பரமேஸ்வரன் எட்டிப் பார்த்தார். டப்பா முன் வரிசையில் இருந்து கீழ்த் தட்டுக்குப் போவதைப் பார்த்தார். தங்கமணியின் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த போன் கேரி தீவுக்கு. கார்த்திகேசுவின் தங்கை பஞ்சவர்ணம். ஞாயிறு தவறாமல் அண்ணனுக்கு மீன்குழம்பு ஊற்றுகிறவள்.

"பஞ்சு, உங்கண்ணனுக்கு ஏதாவது குடிக்கக் குடுக்கறியா?"

"அண்ணி!" பஞ்சவர்ணத்தின் குரலில் பெருமை வழிந்தது. "சொல்லிட்டாரா? நானே உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், உங்க மனசு கஷ்டப்படுமேன்னு. ராத்திரிச் சந்தை பாசார் மாலாம்ல ஒரு மலாய்க்கார மாக்சிக் விக்கறாங்க, ஆக்கார் மானிஸ்னு ஒரு தே தூள், டீ மாதிரி கலக்கிக் குடிக்கறது. தொண்டைக்கு அவ்வளவு இதம். மாசம் மூணு பாக்கெட் வாங்கிக் குடுக்கறேன், லோரியிலயே வச்சுக்கறார். 'பஞ்சு, உன் தேயாலதான் நான் விட்டேன், அண்ணிகிட்ட சொல்லிடாதே'ன்னார்."

"பாக்கெட் ஒண்ணு உன்கிட்ட இருக்கா? எடுத்து மோந்து பாரு."

"இனிப்பா இருக்கு அண்ணி. நீங்க எப்பவோ எனக்கு இருமலுக்குக் குடுத்தீங்களே, அந்த..." பஞ்சவர்ணம் அப்படியே நின்றுபோனாள்.

"ஆமா. அதேதான்" என்றாள் தங்கமணி.

மூன்றாவது போன் மகன் விமலனுக்கு. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். தினம் காலையில் அப்பாவின் ஃபிளாஸ்க்கை நிரப்பி வைப்பது அவன்தான். சாமந்திப்பூத் தண்ணீர் என்று அவள் நினைத்திருந்தாள். ஒரு நாளும் மூடியைத் திறந்து பார்த்ததில்லை.

"பூவும் போடறேன் மா. ஆனா அதுல மெயின் கம் சோ தான். கிள்ளான்ல சீன மருந்துக் கடை அங்கிள் குடுத்தார், மஞ்சளா, சாய்வா வெட்டின துண்டு. சிகரெட் விடறவங்களுக்கு நல்லதுன்னார். ஒரு கைப்பிடி போட்டுக் கொதிக்க வைப்பேன். அப்பா, 'உன் தண்ணியாலதான்டா விட்டேன், அம்மாகிட்ட சொல்லாதே'ன்னார். ஏன் மா?"

தங்கமணி போனை வைத்தாள்.

தமிழில் ஒரு பெயர், மலாயில் ஒரு பெயர், சீனத்தில் ஒரு பெயர். குச்சி, தூள், துண்டு. மூன்று பேரும் ஒரே வேரை ஒரே மனிதருக்குக் கொடுத்திருக்கிறார்கள். குச்சி ஊருக்கே தெரியும், மற்ற இரண்டும் அவளுக்குத் தெரியாமல் போயிருக்கின்றன. விட வைத்தது நான்தான் என்று ஒவ்வொருவரும் தனியாகப் பெருமைப்பட வேண்டும். அந்த மனிதரோ யார் மனமும் நோகக் கூடாதென்று மூன்று பேருக்கும் தலையாட்டி, மூன்றையும் ஒரு சொட்டு விடாமல் உள்ளே தள்ளியிருக்கிறார்.

கே.எல். சென்ட்ரலில் தாமரை சேர்ந்துகொண்டாள். பக்கத்துக் கட்டடத்தில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. ரயிலில் உட்கார்ந்ததும் தங்கமணி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். 'நான் அப்பவே சொன்னேன்' என்று மகள் சொல்லுவாள், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று தயாராக இருந்தாள்.

தாமரை சொன்னது வேறு.

"மா, அப்பாகிட்ட வேர்னு சொல்லாதீங்க."

"என்னடி?"

"சொன்னா என்ன ஆகும்? 'இயற்கைன்னு குடுத்தீங்க, ஆஸ்பத்திரியில படுக்க வச்சீங்க, சிகரெட்டே மேல்'னு ஆரம்பிப்பார். அவருக்கு ஒரு சாக்கு வேணும். நாமளே எடுத்துக் கையில குடுக்கப் போறோமா? மாத்திரை ஒத்துக்கலைன்னு சொல்லுவோம். குச்சியை மெதுவா நிறுத்திடுவோம். டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

ரயில் பத்து நிமிஷம் ஓடியது. மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் சொன்னபடி செய்தால் தன் பெயரும் கெடாமல் தப்பும். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

"வேண்டாம்" என்றாள் கடைசியில். "காலையில டாக்டர் கேட்டப்ப நான் ஒண்ணும் இல்லைன்னேன். அது தெரியாம சொன்னது. இப்ப சொன்னா தெரிஞ்சு சொல்றது. நாளைக்கு அவர் லோரியில ஒளிச்சு வச்ச தூளை ஒருத்தரும் சொல்லாம அவரே எப்படி நிறுத்துவார்? என்னன்னு தெரிஞ்சாதானே கையை எடுப்பார்."

"சிகரெட்டைத் தொட்டுட்டார்னா?"

"அதையும் நானே பார்த்துக்கறேன்."

அப்படிச் சொல்லிவிட்டாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் குரலைக் கேட்ட தாமரை அதற்குமேல் வாதாடவில்லை.

ஆஸ்பத்திரியில் கார்த்திகேசுவின் நெஞ்சில் ஒயர்கள், கையில் சொட்டு மருந்து. மானிட்டரின் பச்சைத் திரையில் கோடு எழுந்து விழுந்துகொண்டிருந்தது. கதவோரம் நின்றிருந்த வாசு இவர்களைப் பார்த்ததும் விடைபெற்றுக்கொண்டான். கார்த்திகேசு கொஞ்சம் சிறுத்துப்போனவர் போலத் தெரிந்தார்.

தங்கமணி நாற்காலியை இழுத்துப் போட்டு நேராக உட்கார்ந்தாள்.

"நான் சொல்றதை முழுசா கேளுங்க. நடுவுல பேசாதீங்க."

சொன்னாள். குச்சியை, தேத் தூளை, ஃபிளாஸ்க்கை. மூன்றும் ஒன்றுதான் என்பதை. அந்த வேர் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைத்துப் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அவருடைய தண்ணி மாத்திரையும் அதே பொட்டாசியத்தைத்தான் வெளியே தள்ளுகிறது. இருதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. வரும் வழியில் டாக்டர் ரமணி மறுபடி போனில் விளக்கியதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். "குடுத்தது நான். ஒரு கெடுதலும் இல்லைன்னு சொன்னது நான். கேட்டப்ப டாக்டர்கிட்ட மறைச்சதும் நான்."

கார்த்திகேசு ஓடும் கோட்டைப் பார்த்தார்.

"அப்ப நாற்பத்தேழு நாளா நான் விஷத்தை மென்னுக்கிட்டு இருந்தேனா?"

"விஷம் இல்ல அங்கிள்." டாக்டர் ரமணியின் கடிதத்தைக் கையில் வைத்திருந்த இளம் டாக்டர் ஒருவர் கட்டில் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். பாலன் என்று சட்டையில் பெயர் இருந்தது. "இருமலுக்கு நாலு நாள் கசாயம் போட்டா ஒண்ணும் ஆகாது. தினம் மூணு விதமா, ஒன்றரை மாசம், அதுவும் பிரஷர் உள்ளவருக்குன்னா அது மருந்து. மருந்துன்னா அளவு உண்டு, யாருக்கு ஆகும் யாருக்கு ஆகாதுன்னு உண்டு. செடியில இருந்து வந்தா அதெல்லாம் இல்லைன்னு ஆயிடாது."

"இதுக்கு சிகரெட்டே பரவாயில்லையே டாக்டர்?"

தாமரை அம்மாவைப் பார்த்தாள். பார்த்தீர்களா என்ற பார்வை.

"இந்த வேர் செஞ்சதை ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் சரி பண்ணிடலாம். சிகரெட் செய்யறதுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றார் பாலன்.

"லைசென்ஸுக்குப் பத்தொன்பது நாள்தான் இருக்கு."

"வேரை இன்னிக்கே நிறுத்துங்க. ரெண்டு வாரத்துல திரும்பப் பாருங்க. இறங்கிடும்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

"வாய்க்கு என்ன செய்ய? ஸ்டியரிங் பிடிச்சா வாய் எதையாவது கேட்குமே. பட்டை? கறுவாப்பட்டை மெல்லலாமா?"

"அங்கிள், ஒரு வேரை விட்டுட்டு ஒரு பட்டையா?" டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிகோட்டின் பேட்ச், கம் எல்லாம் இருக்கு. நல்லாப் பரிசோதிச்சது. ஆனா நாற்பத்தேழு நாள் தாண்டின உங்களுக்கு அது தேவைப்படாது. உடம்பு கேட்கறது நின்னுருச்சு. இப்பக் கேட்கறது கையும் வாயும்தான். சக்கரை இல்லாத சூயிங்கம் போதும். சிகரெட் விடறவங்களுக்கான கிளினிக்குக்கு எழுதித் தரேன், அங்க பேசி வழி சொல்லுவாங்க."

தாமரை அப்போதும் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. அதைத் தங்கமணி கவனித்துக்கொண்டாள்.

டாக்டர் போன பிறகு கார்த்திகேசு சுவரைப் பார்த்தபடி கேட்டார். "மூணு பேரும் சேர்ந்துதான் என்னை விட வச்சீங்கன்னு நினைச்சிருந்தேன். அந்த வேரும் இல்லைன்னா, எது என்னைப் பிடிச்சு வைக்கும்?"

தங்கமணிக்கு அப்போதுதான் தெளிந்தது. ரயிலில் கிடைக்காத பதில்.

"யாரு விட வச்சது? லைட்டரைக் குப்பையில போட்டப்ப குச்சி எங்க இருந்துச்சு? பஞ்சு தே எங்க இருந்துச்சு? நாங்க மூணு பேரும் பின்னால வந்து, நான்தான் நான்தான்னு அடிச்சுக்கிட்டோம். விட்டது நீங்க. வாய்க்கு வேலை குடுத்ததைத் தவிர நாங்க ஒண்ணும் செய்யலைங்க."

கார்த்திகேசு சுவரிலிருந்து முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

தங்கமணி போனை எடுத்தாள். கடையின் குழுவைத் திறந்து, பதிவுப் பொத்தானை அழுத்தினாள். வார்த்தைகளை யோசித்து வைத்துக்கொள்ளவில்லை.

"நான் தங்கமணி பேசறேன். அதிமதுரம் சாப்பிட்டா சிகரெட்டை விடலாம், ஒரு கெடுதலும் இல்லைன்னு நான்தான் சொன்னேன். பாதி தப்பு. பிரஷர், இருதயம், கிட்னி பிரச்சினை இருக்கறவங்க, தினம் மாத்திரை சாப்பிடறவங்க, மாசமா இருக்கறவங்க இன்னிக்கே நிறுத்துங்க. கம் சோ, ஆக்கார் மானிஸ் எல்லாம் அதேதான். கால் வீக்கம், கால் இழுப்பு, படபடப்பு இருந்தா டாக்டரைப் பாருங்க, இந்த வேரைப் பத்தி மறைக்காம சொல்லுங்க. என் வீட்டுக்காரர் இப்ப ஆஸ்பத்திரியில இருக்கார். சிகரெட்டுக்கு மட்டும் திரும்பிப் போகாதீங்க. யாருக்குச் சந்தேகம் இருந்தாலும் என் நம்பருக்குக் கூப்பிடுங்க."

அனுப்பினாள். நூற்றுப் பன்னிரண்டு பேர். முன்னால் போட்ட பதிவைப் போல இது ஓடுமா என்பது சந்தேகம்தான். ஓடாவிட்டால் ஒவ்வொருவராகக் கூப்பிடுவது என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

இரண்டே நிமிஷத்தில் போன் அடித்தது. ரோகிணி என்று ஒரு பெண். போன மாதம் கடையில் வாங்கிப் போனவளாம். குரல் உடைந்திருந்தது. "அக்கா, இவருக்கு இருதயத் துடிப்புக்கு ஒரு சின்ன மாத்திரை ஓடுது. மூணு வாரமா தினம் உங்க குச்சிதான். டாக்டர்கிட்ட போவோம்னா கேட்க மாட்டேங்கறார். வேரை நிறுத்தினா திரும்ப சிகரெட் எடுத்துருவேன்னு பயந்து, நிறுத்த மாட்டேங்கறார் கா."

"அவர்கிட்ட குடும்மா, நான் பேசறேன்."

"பொம்பளைங்க சொன்னா எங்க கேட்கறார்?"

படுக்கையிலிருந்து ஒரு கை நீண்டது, ஊசி குத்தாத கை. "இப்படிக் குடு தங்கம்."

கார்த்திகேசு போனைக் காதில் வைத்தார்.

"ஹலோ, அண்ணே. நான் தங்கமணியோட வீட்டுக்காரர். ஆமா, அந்த வாய்ஸ் மெசேஜ் ஆளுதான். முதல்ல கையில இருக்கற குச்சியைக் கீழ வைங்க. வச்சாச்சா? சரி. சிகரெட்டுக்குப் பயப்படறீங்கன்னு சொன்னாங்க. நியாயம்தான். நானும் பயந்தேன். இன்னிக்கு மத்தியானம் யார்டுக்குப் பின்னால போய் ஒரு பாக்கெட் வாங்கி, ஒண்ணைப் பத்த வச்சேன்."

தாமரை எழுந்துவிட்டாள். தங்கமணி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கணவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு இழுப்புண்ணே. நல்லாவே இல்ல. காலணியால மிதிச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், இப்ப உங்ககிட்ட சொல்றேன், பக்கத்துல என் சம்சாரம் கேட்டுக்கிட்டு இருக்கா." அவர் பேசிக்கொண்டே பேண்ட் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்துப் போர்வையின் மேல் வைத்தார். "வேரும் இல்லாம, அதுவும் இல்லாம அந்த அரை மணி நேரம் ஓடிப் போச்சு. உங்களுக்கும் ஓடும். எத்தனை நாளாச்சா? எனக்கா?"

அவர் மனைவியைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவள் அவரிடம் பார்க்காத ஒரு பார்வை. அனுமதி கேட்கிற பார்வை.

"நாற்பத்தேழு" என்றாள் தங்கமணி, சத்தமாகவே.

"நாற்பத்தேழுண்ணே" என்றார் அவர். "இப்ப சொல்லுங்க, அந்த மாத்திரை பேரு என்ன? பெட்டியைப் பார்த்துப் படிங்க. ஏன், கண்ணு சரியாத் தெரியலையா? எப்ப இருந்து? நெஞ்சு விட்டு விட்டு அடிக்குதா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். ஒயர்கள் இழுபட்டன, மானிட்டர் கூவ ஆரம்பித்தது.

"அண்ணே, போனை வைக்காதீங்க. பேசிக்கிட்டே இருங்க. உங்க வீடு எங்க, அட்ரஸ் சொல்லுங்க. தங்கம், ஓடு, அந்த டாக்டரைக் கூட்டிக்கிட்டு வா. தாமரை, ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!"